இடது பக்கத்தில் ஒரு வலது கண்

அவள் முதன்முதலாக வந்த காலை, நான் ஏறி வந்த வெரிபீ ரெயின் பாதிவழியில் நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கி பஸ்களில் ஏற்றினார்கள். மெல்பேர்ண் நகரத்தில் இருக்கும் எங்கள் வேலைத்தலத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். மாடிப்படியில் ஒரு பெண் குந்தியிருந்தாள். கறுப்புக் காற்சட்டை, ஏதோ தொழிற்சாலையின் பெயர் பொறித்த நீல ஜக்கெட், மடியில் ஒரு கடதாசிப் பை. வயது நாற்பது இருக்கும். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"கோயில்ல சொன்னவை, இஞ்ச கண் செய்யிற ஒரு தமிழ் ஆள் இருக்கிறா எண்டு. அப்பொயின்ட்மென்ட் ஒண்டும் எடுக்கேல்லை அக்கா. சும்மா வந்திட்டன்."

அவள் சொன்ன கோயில், த பேசின் என்ற புறநகரில் இருக்கும் பிள்ளையார் கோயில். அங்கே யாரோ ஒரு அன்ரி என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நான் அங்கே போயே இரண்டு வருடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்பேர்ணின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும் தெம்பு எனக்கு இல்லாமல் போயிருந்தது.

பேசும்போது அவளுடைய வலது கண் என்னைப் பார்த்தது. இடது கண் எனக்குப் பின்னால், கதவுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நிறமும் இல்லை. வலது கண் எங்கள் ஆட்களின் கண். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு. மற்றது தேன் நிறம், ஓரத்தில் கொஞ்சம் பச்சை. கீழ் இமை சிவந்து தொங்கியிருந்தது. அவள் பேச்சுக்குப் பேச்சு ஒரு துண்டுத் துணியால் அதை ஒற்றிக்கொண்டாள்.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

நான் பல் கட்டும் வேலை பழகியவள். யாழ்ப்பாணத்தில் பழகி, கொழும்பில் சில வருடம் அதையே செய்து, இந்த நாட்டுக்கு வந்த பிறகும் எட்டு வருடம் ஒரு வேலைத்தலத்தில் மேல்வரிசை, கீழ்வரிசை என்று பொய்ப்பற்கள் வார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் மூடப்பட்டபோது, பிளாஸ்ரிக் வார்க்கத் தெரிந்த ஆள் தேவை என்று ஒரு சின்ன விளம்பரத்தைப் பார்த்தேன். போனால், செயற்கைக் கண் செய்யும் இடம். இரண்டு அறை. ஒன்றில் நோயாளிகள் இருக்கும் கதிரையும் பெரிய யன்னலும். மற்றதில் அடுப்பு, பொலிஷ் போடும் சக்கரம், வர்ணங்கள். முதலாளி வெள்ளைக்காரர், எழுபதைத் தாண்டியவர். அவருடைய தகப்பன் தொடங்கிய இடம் அது.

"பல் முரசுக்கு ஊற்றும் அதே பிளாஸ்ரிக்தான். இளஞ்சிவப்புக்குப் பதிலாக வெள்ளை. உனக்கு வேறொன்றும் புதிதாக இருக்காது," என்றார் முதல் நாள். அது உண்மையில்லை என்று தெரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பல் கட்டிக்கொண்டவர்கள் அடுத்த நாளே ஒரு அப்பிளைக் கடித்துப் பார்ப்பார்கள். கண் போட்டுக்கொண்டவர்கள் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நிற்பார்கள். சிலர், எல்லாம் தெரிந்தவர்கள்கூட, ஒரு கணம் மற்றக் கண்ணைப் பொத்திப் பார்ப்பார்கள். நான் அந்த நேரத்தில் ஏதாவது சாமானை அடுக்குவது போல அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பன்னிரண்டு வருடமாக அப்படிப் போய்க்கொண்டிருந்தேன்.

அவளைக் கதிரையில் இருத்தி, கை கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்தேன். கண் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. விழுந்ததும் திடுக்கிட்டேன். பாரமாக இருந்தது. ஒரு சின்ன உலோகக் கரண்டியால் தட்டினேன். 'டிங்' என்றது.

எல்லோரும் பேச்சுக்குக் 'கண்ணாடிக் கண்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே நாங்கள் செய்வது அத்தனையும் பிளாஸ்ரிக். உண்மையான கண்ணாடியால் செய்ததை நான் பார்த்தது முதலாளியின் தகப்பன் விட்டுப்போன பழைய அலுமாரியின் இழுப்பு லாச்சிகளில் மட்டும்தான். ஒருவருடைய முகத்திலிருந்து எடுத்தது இதுவே முதல் தடவை.

மேற்பரப்பு தேய்ந்து, பனி படிந்த யன்னல் மாதிரி மங்கிப் போயிருந்தது. கண்ணீர் கண்ணாடியை அரிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டிய சாமான் அது.

"எவ்வளவு காலமாப் போடுறீங்கள்?"

"முகாமில தந்தது அக்கா. அண்டையில இருந்து இதுதான்."

முகாம் என்றால் எது என்று நான் கேட்கவில்லை. போர் முடிந்த வருடத்து முகாம். அதற்கு நான்கு மாதம் முன்னால் ஒரு செல் குண்டுத் துண்டு அவளுடைய இடது கண்ணில் பட்டிருக்கிறது. இதை அவள் துணியை மடித்தபடி, பஸ் தவறிய கதை சொல்வது போலச் சொன்னாள். முகாமுக்கு ஒரு நாள் வைத்தியக் குழு ஒன்று வந்ததாம். கண் போனவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார்களாம்.

"ஒரு தட்டம் வைச்சிருந்தவை. அதுக்குள்ள கண்ணெல்லாம் அடுக்கி இருந்தது. நீலம், சாம்பல், எல்லாம் வெள்ளைக்காரற்ற கண். மண்ணிறம் கொஞ்சம்தான். எனக்கு முன்னால நிண்ட ஆக்கள் அதுகளை எடுத்திட்டினம். எனக்கு இது. போட்டுப் பாத்தினம், விழேல்லை. சரி, போங்கோ எண்டினம்."

முதலாளி அடுத்த அறையிலிருந்து வந்து, என் கையிலிருந்ததை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இது வலது கண்."

செயற்கைக் கண்ணில் இடது, வலது உண்டு, சப்பாத்து மாதிரி. மூக்குப் பக்கம் ஒடுங்கியும் காதுப் பக்கம் அகன்றும் இருக்கும். மேற்பக்கம் கொஞ்சம் உயரம், கீழ்ப்பக்கம் குறைவு. வலது கண்ணைத் தலைகீழாகத் திருப்பினால் இடது பக்கத்தில் ஒருவாறு கொழுவி நிற்கும். ஆனால் கருவிழி மேலே ஏறிவிடும். அந்தத் தட்டத்தில் இடது கண் தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

நான் அதை அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப இவ்வளவு காலமும் தலைகீழாவோ போட்டுக்கொண்டு திரிஞ்சனான்?"

"ஓம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "கோழி வெட்டுற இடத்தில என்னைப் பெருமை பிடிச்சவள் எண்டு சொல்லுறவை அக்கா. ஆரையும் முகம் பாத்துக் கதைக்கமாட்டாளாம். ஒரு கண்ணால கூரையைப் பாக்கிறாளாம்." பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ மாறிவிட்டது. நான் அடுத்த அறைக்குப் போகவில்லை. கடதாசித் துவாய்ப் பெட்டியை அவளுக்குக் கிட்டத் தள்ளிவைத்தேன்.

புதுக் கண் செய்ய அவள் மூன்று தடவை வரவேண்டியிருந்தது. முதலில், பல்லுக்கு எடுப்பது போலவே, குழிக்குள் பசை விட்டு அச்செடுத்தேன். அதில் மெழுகு வார்த்து, இமை சரியாக நிற்கும்வரை சுரண்டிச் சுரண்டித் திருத்தினேன். கருவிழி வரைந்தது இரண்டாவது தடவை. எங்கள் ஆட்களின் கண்ணை வரைவது முதலாளிக்கு எப்போதும் சரிவராது. கறுப்பைக் குழைத்துப் பூசிவிடுவார். பார்த்தால் சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். யன்னல் வெளிச்சத்தில் கிட்டப் பார்த்தால் அதற்குள் சிவப்பும் மஞ்சளும் இருக்கிறது. விளிம்பில் ஒரு நீலச் சாயல் ஓடுகிறது. வெள்ளை விழியும் வெள்ளை இல்லை. மண் கலந்த தண்ணீர் தெளிந்த பிறகு இருக்கும் நிறம். இரத்த நரம்புகளுக்குச் சிவப்புத் தையல் நூலைப் பிரித்து, மயிர் போல ஒரு இழை எடுத்து ஒட்டவேண்டும். என் விரல்கள் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தன. ஒரு இழை ஒட்டிவிட்டுக் கையை உதறுவேன்.

அன்றைக்குத்தான் அவள் கடதாசிப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"இதை வாசிச்சுச் சொல்லுங்கோ அக்கா. லோயர் பிள்ளை சொன்னவ. ஆனா எனக்கு வடிவா விளங்கேல்லை."

படகில் வந்தவள் அவள். பல வருடம் காத்திருந்த பிறகு அவளுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்து வந்த முடிவு அது. அதில் ஒரு பந்தியில், யாரோ மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார்கள். கண்ணாடியால் செய்த செயற்கைக் கண்கள் பல பத்தாண்டுகளாகப் பாவனையில் இல்லை, எனவே அண்மைக் காலத்தில் ஒரு முகாமில் தனக்கு அப்படி ஒன்று தரப்பட்டது என்று விண்ணப்பதாரி சொல்வதை நம்புவது கடினம் என்று எழுதியிருந்தது. அதிலிருந்து, அவள் முகாமில் இருந்ததே சந்தேகம். காயம் எப்போது, எப்படி ஏற்பட்டது என்பதும் சந்தேகம்.

அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது என் தூரிகை காய்ந்துபோயிருந்தது.

"கண்ணே பொய் எண்டு எழுதியிருக்கினமோ?" என்று கேட்டாள்.

"கண்ணை வைச்சு நீங்கள் பொய் எண்டு எழுதியிருக்கினம்."

இரண்டு நாள் கழித்து அவளுடைய லோயர் தொலைபேசியில் பேசினாள். மலேசியத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்த பிள்ளை. முக்கால்வாசி ஆங்கிலம். மேன்முறையீட்டு விசாரணைக்கு என்னிடமிருந்து ஒரு நிபுணர் கடிதம் வேண்டும் என்றாள். என்னை யாரும் அதுவரை நிபுணர் என்று சொன்னதில்லை. சரி என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், அதை எழுத எனக்கு இருப்பது சனிக்கிழமைகள் மட்டும் என்பது உறைத்தது.

கண்ணாடிக் கண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கைக்குத் தெரிந்தது. கதை தெரிந்தவர் முதலாளி. மதியச் சாப்பாட்டு வேளையில் அவரைக் கேட்டேன். சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுப் பழைய லாச்சிகளைத் திறந்தார். ஒவ்வொரு லாச்சியும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பஞ்சின்மேல் கண்கள் கிடந்தன. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று நான் இந்த லாச்சிகளைப் பற்றி மகளிடம்கூடச் சொன்னதில்லை.

ஜேர்மனியில் ஒரு மலையூரில் குடும்பம் குடும்பமாக இதைச் செய்தார்களாம். வீட்டு மேசையிலேயே விளக்குச் சுவாலையை வைத்துக்கொண்டு, பால் நிறக் கண்ணாடிக் குழாயை உருக்கி ஊதுவார்கள். வர்ணக் கண்ணாடிக் குச்சிகளால் கருவிழியை இழைத்துவிடுவார்கள். அங்கிருந்து மரப்பெட்டிகளில் கப்பலேறி உலகமெல்லாம் போகும். மெல்பேர்ணுக்கும் வரும். கண் இழந்தவர் இங்கே அதை விற்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தால், லாச்சியைத் திறந்து, இருக்கிறதில் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துப் போட்டுவிடுவார்கள். வசதியுள்ளவர்களுக்காகச் சில காலம் கண் ஊதுகிறவர்களே கப்பலில் வந்து, ஹோட்டலில் தங்கி, ஆளை முன்னால் இருத்திச் செய்துகொடுத்ததும் உண்டாம்.

"அப்பா அந்தக் கடையில் வேலை பழகியவர்," என்றார் முதலாளி. "ஒரு ட்ராம் கொண்டக்டரின் கதையைச் சொல்வார். குளிர்கால விடியற்காலை. வீட்டில் கணப்புக்கு முன்னால் இருந்துவிட்டு வெளியே வந்து ட்ராமில் ஏறியிருக்கிறான். உறைபனி. கண் அவன் முகத்திலேயே வெடித்துவிட்டது. ட்ராமை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு நடந்து வந்தானாம், கையில் துண்டுகளை ஏந்திக்கொண்டு."

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜேர்மனியிலிருந்து பெட்டி வருவது நின்றது. அதே நேரத்தில் கண்ணிழந்த சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இராணுவத்தில் பல் கட்டுகிறவர்கள்தான், கையிலிருந்த பல் பிளாஸ்ரிக்கை வைத்துக் கண் வார்த்துப் பார்த்திருக்கிறார்கள். அது உடையவில்லை, வெடிக்கவில்லை. முதலாளியின் தகப்பன் போர் முடிந்ததும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, கடையில் விலைபோகாமல் கிடந்த கண்ணாடிக் கண்களையும் எடுத்துக்கொண்டு தனியாகத் தொடங்கினார். இப்படியாக, பல் கட்டப் பழகிய ஒருத்தி கண் செய்ய வந்தது நான் நினைத்ததைப் போல அதிசயமான காரியம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"மிச்சக் கண்ணாடிக் கண்கள் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"இதோ கொஞ்சம். மற்றதெல்லாம் கொடுத்துவிட்டார். யாருக்கு என்று எனக்கு நினைவில்லை. இங்கே எவனும் அதைப் போடமாட்டான். எறிய அவருக்கு மனமில்லை."

தகப்பனுடைய பழைய கடிதப் பிரதிகள் ஒரு இரும்புப் பெட்டியில் இருந்தன. அடுத்த மூன்று மதியம் அவற்றைப் புரட்டினேன். தூசியில் என் மூக்கு அடைத்தது. கடைசியில் ஒரு கார்பன் பிரதி கிடைத்தது. தேவாலயம் ஒன்று நடத்திய உதவிச் சேகரிப்புக்கு, பல அளவிலான கண்ணாடிக் கண்கள் ஆறு பெட்டி, 'கீழைத்தேச வைத்தியசாலைகளுக்கு உபயோகப்படலாம்' என்று எழுதி அனுப்பியிருந்தார். எந்த நாடு, எந்த வைத்தியசாலை என்று ஒரு சொல் இல்லை. அந்த ஆறு பெட்டியில் ஒன்றுக்குள் அவளுடைய கண் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். உலகம் முழுக்க இப்படி எத்தனை கடைகள் எத்தனை பெட்டிகளைக் கொடுத்திருக்கும். ஜேர்மனியில் இன்றைக்கும் கண்ணாடியில்தான் கண் ஊதுகிறார்கள் என்றும் முதலாளி சொன்னார். பாவனையில் இல்லை என்று எழுதிய அதிகாரி அதைத் தேடியே பார்த்திருக்கவில்லை.

நான்கு சனிக்கிழமை, குசினி மேசையில் இருந்து எழுதினேன். உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஒரு பக்கம் உதறிக்கொண்டிருக்கும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் என் ஆங்கிலத்தைத் திருத்தினாள். "அம்மா, 'ஐ ஃபீல்' எண்டு எழுதாதீங்கோ. நீங்க எக்ஸ்பேர்ட். உங்களுக்கு என்ன தெரியும் எண்டு மட்டும் எழுதுங்கோ."

என்ன தெரியும் என்று பார்த்தால் கொஞ்சம்தான் இருந்தது. இது கண்ணாடி. மேற்பரப்பின் தேய்வைப் பார்த்தால் பத்து வருடத்துக்குக் குறையாமல் அணியப்பட்டிருக்கும். இப்படியானவை இன்றும் செய்யப்படுகின்றன, பழையவை தானமாகப் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. கடைசியில் கண்ணின் அளவுகள். இதுதான்.

வரைவை வாசித்துவிட்டு லோயர் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, ஸ்ட்ரெய்ட்டா கேக்குறேன். இது அந்தக் கேம்ப்புல குடுத்த கண்ணுதான்னு உங்களால எழுத முடியுமா? அட்லீஸ்ட், 'ஹைலி லைக்லி'ன்னு?"

"அது எனக்குத் தெரியாதே பிள்ளை."

"ஐ நோ. ஆனா இது ஸ்ட்ரோங்கா இல்லன்னா..." கெட்ட பிள்ளை இல்லை அவள். அவளுடைய மேசையில் இப்படி எத்தனை பேருடைய வழக்குக் கோவை கிடந்ததோ.

அந்த வாரம் முழுவதும் ரெயினில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். இரண்டு சொல். எழுதினால் யார் வந்து இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். தட்டத்தில் கண்கள் அடுக்கியிருந்ததை அவள் சொன்ன விதத்தில் தெரியும். ஆனால் அது கண் செய்கிறவளுக்குத் தெரிந்தது அல்ல. போர் முடியுமுன்னமே ஊரை விட்டுப் புறப்பட்டு வந்த ஒருத்திக்கு, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒருத்திக்குத் தெரிந்தது. அந்தக் குற்றவுணர்வை நிபுணர் கடிதத்தில் எழுத முடியாது.

மூன்றாவது தடவை, புதுக் கண்ணைப் போட அவள் வந்தபோது, இதை அவளிடமே சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"வேண்டாம் அக்கா," என்றாள். "என்னைத்தானே பொய்க்காரி எண்டினம். எனக்காக நீங்கள் ஒரு பொய் எழுதினா, அவை சொன்னது சரியாப் போயிடும். தெரிஞ்சதை மட்டும் எழுதுங்கோ."

புதுக் கண் பொருந்தியது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தன. கண்ணாடிக்கு முன்னால் அவள் நிற்கவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, பார்த்து, பையில் போட்டுக்கொண்டு, மதிய முறைக்கு வேலைக்குப் போகவேண்டும் என்று அவசரமாகப் புறப்பட்டாள். "போட்டு வாறன் அக்கா" என்ற குரல் படியில் இறங்கிக்கொண்டே கேட்டது. பழைய கண்ணைச் சாட்சிப் பொருளாக லோயர் எடுத்துக்கொண்டாள்.

விசாரணை நாளில் நான் வேலைத்தலத்தின் பின்னறையில், பிளாஸ்ரிக் மணத்துக்குள், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பத்தரைக்கு என்றவர்கள் பன்னிரண்டே காலுக்கு எடுத்தார்கள். விசாரித்தவர் ஒரு பெண். குரலில் மரியாதை இருந்தது, களைப்பும் இருந்தது. அந்தக் களைப்பை நான் அடையாளம் கண்டுகொண்டேன். கடிதத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"இப்படி ஒரு கண்ணை ஒருவர் வெளியே எங்காவது வாங்கியிருக்க முடியுமா?"

"முடியும்," என்றேன்.

மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது. அங்கே ஒரு அறையில், மொழிபெயர்ப்பாளர் என் சொல்லை அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

"வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?"

இன்னொன்றையும் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஆனால் கடைசியில், அளவுகளோடு சேர்த்து ஒரு வரியாக. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"அது வலது கண்," என்றேன். "அவருக்கு இல்லாதது இடது. தலைகீழாகத் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. நிறமும் பொருந்தாது. கடையில் தெரிந்து வாங்குகிற ஒருவர் அப்படி ஒன்றை எடுக்கமாட்டார். விற்கிறவரும் கொடுக்கமாட்டார். வேறு எதுவும் மிச்சமில்லாத இடத்தில், வரிசையில் நிற்பவர்களுக்கு அவசரமாகப் போட்டுவிட்டால்தான் இப்படி வரும். நான் பார்த்த வேலையில் இது எனக்குத் தெரிந்த விடயம்."

"தலைகீழாக?" என்று அவர் கேட்டார். நான் திரும்ப விளங்கப்படுத்தினேன், சப்பாத்து உதாரணத்தோடு. நன்றி சொல்லி வைத்துவிட்டார். எல்லாமாகப் பதினெட்டு நிமிடம். அன்றைக்கு அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நூல் இழை பிரிக்கப் போய் மூன்று தடவை அறுத்தேன்.

முடிவு வர பதினொரு மாதம் சென்றது. லோயர் எனக்கு ஒரு பிரதி அனுப்பினாள். நீண்ட தீர்ப்பு. அவளுடன் முகாமில் இருந்து இப்போது கனடாவில் வாழும் ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை நம்பியிருந்தார்கள். வைத்தியசாலைச் சீட்டு ஒன்றின் படத்தை நம்பியிருந்தார்கள். நான் தேடி எடுத்த கார்பன் பிரதி, ஜேர்மன் மலையூர், கண்ணீர் அரித்த கணக்கு எதுவும் அதில் இல்லை. ஒரே ஒரு வசனம் இருந்தது: வலது கண் ஒன்றைத் தலைகீழாக இடது பக்கத்தில் அணிய ஒருவர் தாமாகவே தெரிவுசெய்வார் என்று கருத இடமில்லை. நான்கு சனிக்கிழமைக்கு ஒரு வசனம். அதை வாசித்துவிட்டு ரெயினில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

அதுவும் விசா இல்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மறுபடி படிவங்கள், மறுபடி விரல் ரேகை, மறுபடி காத்திருப்பு. அவள் இடையிடையே தொலைபேசி எடுப்பாள். "ஒண்டும் வரேல்லை அக்கா" என்று தொடங்கி, கோழித் தொழிற்சாலையில் கை விறைப்பதைப் பற்றிப் பேசிவிட்டு வைப்பாள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை, வேலை நடுவில் எடுத்தாள். மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "என்ன? என்ன?" என்று கத்தினேன். "வந்திட்டுது" என்று அவளும் கத்தினாள். "நிரந்தரமாத் தந்திட்டினம்." நான் சந்தோசப்படவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பட்டேன்தான். ஆனால் முதலில் வந்தது, பாரமான சாமானை நெடுந்தூரம் தூக்கிவந்து கீழே வைத்தவனுக்குக் கையில் வருமே, அந்த நடுக்கம்.

"இனி என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"நித்திரை கொள்ளப் போறன் அக்கா."

இப்போது அவள் சிட்னியில், பென்டில் ஹில்லில் ஒரு தூரத்து உறவுக்காரக் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. பிளாஸ்ரிக் கண்ணை வருடத்துக்கு ஒரு தடவை பொலிஷ் போடவேண்டும். அதைச் செய்ய சிட்னியிலும் ஆட்கள் இருக்கிறார்கள், முகவரியும் கொடுத்தேன். கேட்கவில்லை. நீண்டதூர பஸ்ஸில் ஏறி விடிய விடிய வந்து, எங்கள் படியில் குந்தியிருப்பாள். போன மாதமும் வந்தாள். பென்டில் ஹில் கடையில் வாங்கிய மிக்சர் பைக்கற் ஒன்றைத் தந்தாள். கண்ணைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, குழியின்மேல் ஒரு துணித்துண்டை வைத்துக்கொண்டு யன்னலோரக் கதிரையில் சாய்ந்தாள். பின்னறையில் சக்கரத்தைப் போட்டு, இருபது நிமிடத்தில் வேலையை முடித்தேன். கழுவித் துடைத்துக்கொண்டு வந்தால், அவள் வாய் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நோயாளி பதினொன்றரைக்குத்தான். கண்ணை ஒரு ஈரத் துணியில் பொதிந்து மேசையில் வைத்துவிட்டு, மற்றக் கதிரையில் நானும் இருந்தேன்.